அன்று நான் வாசித்துக் காட்டிய தாள்

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பெண் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டும்படி அவர் கேட்டார். தாளில் இருந்ததை நான் வாசிக்கவில்லை. அவர் உண்மையில் என்ன சொன்னாரோ அதையே, தாளில் இருப்பதுபோலத் தமிழில் சொன்னேன். அவர் நம்பிக் கையொப்பமிட்டார். அந்தக் கையொப்பத்தால் அவருடைய நற்பெயர் போயிற்று, தலைவி பதவி போயிற்று, பெற்ற மகளும் கோபித்துக்கொண்டு போனாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எழுபதைத் தாண்டிவிட்டேன். பூசி மெழுகி எழுதுவதிலேயே என் உத்தியோக வாழ்க்கையில் பாதி போய்விட்டது.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்தேன். வெளியிலிருந்து வந்தவன் அல்ல. அதே தோட்டத்தின் மேற்பிரிவு லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். நான் ஹட்டனில் தங்கிப் படித்து, ஆங்கிலமும் சிங்களமும் பிழையில்லாமல் எழுதப் பழகி, ஒரு நாள் அலுவலகப் படியில் ஏறினேன். ஏறிய பிறகு, நான் கீழேயிருந்து வந்தவன் என்பதை மேலே இருப்பவர்கள் மறந்துவிட வேண்டும் என்பதே என் ஆசையாக இருந்தது.

எங்கள் தோட்டத்தில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அது என்னிடம் வரும். பொலிஸிலிருந்து வந்ததோ, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததோ, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகளின் முகவர் அனுப்பியதோ, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் என்னிடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் ஐந்தாறு பேர் கையில் தாளோடு நிற்பார்கள். நான் வாசித்துச் சொல்வேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நான் சொன்னதுதான் அந்தத் தாளில் இருக்கிறதா என்று ஒருவர்கூட வேறு யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை. அப்படி ஓர் எண்ணமே அவர்களுக்கு வந்ததில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மேற்பிரிவில் கொழுந்து எடுப்பவர், அந்தப் பிரிவுப் பெண்களின் தலைவி. அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது இருக்கும். பேச்சாளர் அல்ல. மேடையில் ஏற்றினால் நான்கு வார்த்தைக்கு மேல் வராது. வாய் கொஞ்சம் கூர்மை. பிடிவாதம் அதிகம். ஒருவர்மேல் வருத்தம் வந்தால் ஆண்டுக்கணக்கில் மறக்கமாட்டார். ஆனால் அவர் ஒன்று செய்வார், வேறு எந்தத் தலைவரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. தோட்ட மேலாளரான துரையிடம் பேசிவிட்டு வந்தால், மறுநாள் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்தில், பெண்கள் முன்னால் நின்று முதலில் தோல்வியைச் சொல்வார்.

“மொதல்ல கெடைக்காதத சொல்லிர்றேன். கம்பளி கெடைக்காது. நான் சரியா கேக்கல, துரை கோவமா இருந்தப்ப போயிட்டேன், அது என் தப்பு. கெடச்சது ஒண்ணுதான், கக்கூசுக்கு கதவு.”

“கதவு மட்டுமா? தாப்பாள் போடுவாங்களா தலைவி?” என்று யாராவது கேட்பார்கள்.

“தாப்பாள கேக்க மறந்துட்டேன். நாளைக்குப் போறேன். அதுவரைக்கும் உள்ள போனா பாடிக்கிட்டே இருங்கடி.”

பெண்கள் சிரித்துக்கொண்டே மலைக்கு ஏறுவார்கள். நான் அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கிடைக்காததை முதலில் சொல்பவரை மக்கள் எப்படி இவ்வளவு நம்புகிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த தலைமை என்பது மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவன் சொல்லைக் கேட்பதுதான். அந்த அளவில் என்னையும் ஒரு தலைவனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு, மேற்பிரிவுப் பிள்ளை மடுவத்தை மூடிவிடக் கம்பெனி முடிவு செய்தது. தாய்மார் மலையில் நிற்கும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. கூரை ஒழுகுகிறது, ஆயா ஓய்வு பெறப்போகிறார், கீழ்ப்பிரிவில் நல்ல மடுவம் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோகலாம் என்பது திட்டம். தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கீழ்ப்பிரிவு இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில் இருக்கிறது. மேல் மலையில் கொழுந்து எடுக்கும் தாய், தேத்தண்ணி நேரத்தில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியாது. அப்போது மேற்பிரிவில் பால்குடிப் பிள்ளைகள் பன்னிரண்டு இருந்தன. அதில் ஒன்று தலைவியின் மகளுடையது. மூன்று மாதக் குழந்தை.

துரை என்னைக் கூப்பிட்டு, கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வருகிறார், அவர் முன்னால் தலைவியின் சம்மதம் வேண்டும் என்றார். “அந்த அம்மா நான் சொன்னா கேப்பாங்க சேர்” என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, சேவை நீடிப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தேன் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அந்த வாக்கியம்தான். என் செல்வாக்கைக் காட்டிக்கொள்ளச் சொன்ன வாக்கியம்.

கூட்டம் அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. கொழும்பு உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசினார், நான் இரு பக்கமும் மொழிபெயர்த்தேன். தலைவி கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்:

“மடுவத்த மூட வேணாம். கூர ஒழுகுதுன்னா தகரம் குடுங்க, எங்க ஆம்பளைங்க போட்டுருவாங்க. ஆயாவுக்கு ஆள் இல்லன்னா எங்கள்ல ஒருத்தி மாறி மாறி இருக்கோம். கீழ கொண்டுபோக மட்டும் நாங்க ஒத்துக்க மாட்டோம்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: பெண்களுக்கு இதில் வருத்தம் உண்டு, என்றாலும் கம்பெனியின் சிரமத்தைப் புரிந்துகொள்கிறார்கள், ஒத்துழைப்பார்கள். உத்தியோகத்தர் முகம் மலர்ந்து தலைவியைப் பார்த்துக் கைகூப்பினார். தலைவியும் கைகூப்பினார். துரைக்கு வேலைத்தளத் தமிழ் தெரியும். அவர் கவனித்தாரா, புரிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது. பழியை அவரோடு பங்கிட்டுக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

கூட்ட அறிக்கையை அங்கேயே எழுதினேன். மேற்பிரிவுப் பெண்கள் சார்பில் தலைவி சம்மதித்தார் என்று எழுதினேன். பேனாவை நீட்டியபோது அவர் சொன்னார்: “எழுதினத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க ஐயா.”

அந்த நொடியில் நிறுத்தியிருக்கலாம். இரண்டு வரி வெட்டி எழுதியிருக்கலாம். தாளைக் கையில் எடுத்து, கண்களை வரிகளின் மேல் ஓடவிட்டு, “கூரைத் தகரம் தந்தால் போட்டுக்கொள்கிறோம், கீழ்ப்பிரிவுக்குக் கொண்டுபோகச் சம்மதமில்லை” என்று வாசித்தேன். அவர் சொன்ன ஒழுங்கிலேயே, ஒன்றையும் விடாமல். அவருக்கு மகிழ்ச்சி. “நல்லா எழுதியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டார். வழக்கப்படி அதன் போட்டோ கொப்பி ஒன்றையும் அவர் கையில் கொடுத்தேன்.

அறிவித்தல் எட்டு நாளில் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டப்பட்டது. தமிழில், நான் எழுதியதுதான். தலைவியின் இணக்கத்துடன் என்ற சொற்கள் அதில் இருந்தன. படிக்கத் தெரிந்த ஒரு பெண் உரக்க வாசித்தாள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“துரை ஆபீசுல தேத்தண்ணி நல்லா இனிச்சிச்சா தலைவி?”

“தேத்தண்ணி மட்டுந்தான்னு நெனக்கிறியா? பிஸ்கட்டும் இருந்திருக்கும்” என்றது இன்னொரு குரல்.

நான் படியின் மேல் குடையோடு நின்றிருந்தேன். தலைவி பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன சொல்வது என்று எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. தலைவி தவறாக விளங்கிக்கொண்டார், பேசும்போது தடுமாறினார் என்று சொல்வதற்கிருந்தேன். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. பெண்களின் பக்கம் திரும்பினார்.

“நான் ஒத்துக்கல. ஆனா கையெழுத்து என்னோடதுதான். அது இருக்கிற வரைக்கும் நான் பேசுறத நீங்க நம்பணும்னு கேக்க மாட்டேன். வேற ஆள போட்டுக்கங்க.”

அவ்வளவுதான். கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அன்றும் அதற்குப் பிறகும் எல்லா நாட்களும் மற்றவர்களோடு ஒருவராகக் கொழுந்து எடுத்தார்.

மடுவம் மூடப்பட்டது. அடுத்த மாதங்களில் விடியற்காலைப் பனியில் தாய்மார் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதையும், ஏறி வருவதற்குள் பெரட்டு முடிந்துவிட, பிந்தியதற்கு ஏச்சு வாங்குவதையும் பார்த்தேன். சிலர் வேலையை விட்டார்கள். தலைவியின் மகளும் விட்டாள். புருசனோடும் குழந்தையோடும் கொழும்புக்குப் போனாள். பொங்கலுக்குக்கூட வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

புதிதாக வந்த தலைவர் ஓர் ஆண். நன்றாகப் பேசுவார். துரையிடம் போய்விட்டு வந்தால் கிடைத்ததைப் பெரிதாக்கிச் சொல்வார், கிடைக்காததைச் சொல்லமாட்டார். ஓர் ஆண்டுக்குள் பெரட்டில் அவர் பேசும்போது பெண்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள். துரையிடம் என்ன பேசிவிட்டு வந்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரிடம் குறை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. திறமை இருந்தது, தைரியமும் இருந்தது. தன்னைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல மட்டும் அவரால் முடியவில்லை.

அவர் பொறுப்பேற்ற புதிதில்தான் கம்பெனி எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துத் தலைமைத்துவப் பயிற்சி நடத்தியது. பயிற்சி தந்தவர் இளைஞர். ஆளுக்கொரு வெள்ளைத் தாளைத் தந்து, நல்ல தலைவனுக்கு இருக்க வேண்டிய பண்புகளை எழுதச் சொன்னார். நான் முதல் வரியில் நேர்மை என்று எழுதினேன். அவர் என் தாளை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். கை தட்டினார்கள். மாலையில் சான்றிதழ் தந்தார்கள், அதைச் சட்டம் போட்டு மாட்டினேன். மடுவம் மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது.

சேவை நீடிப்புக் கிடைத்தது. பிறகு ஓய்வு பெற்று ஹட்டனுக்கு வெளியே ஒரு சிறிய வீட்டில் குடியேறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் பஸ் ஏறி அங்கேயும் வந்தார்கள். நான் வாசித்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் எந்தத் தாளையும் மாற்றி வாசித்ததில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்துச் சொல்வேன். அது திருந்தியதாலா, பயத்தாலா என்று எனக்கே தெரியாது. அந்தத் தாளைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரித் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். முன்பின் பார்த்திராத முகம். எப்படி என்னைத் தேடி வந்தாய் என்று கேட்டேன்.

“எங்க பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க ஐயா. முந்தி தலைவியா இருந்தவங்க. ‘அந்த ஐயாகிட்ட போ, அவரு சரியா வாசிப்பாரு’ன்னாங்க. எங்க லயத்துல எல்லாரையும் அவங்கதான் இங்க அனுப்புவாங்க.”

நான் தாளை வாசித்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு நெடுநேரம் அதே நாற்காலியில் இருந்தேன். இத்தனை ஆண்டுகளாக என் வாசலுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது அவர் என்பது எனக்குத் தெரியாது. என் படிப்புக்காக வருகிறார்கள் என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். பகல் இரண்டு மணி இருக்கும். அவர் லயத்துக்குப் பின்னால் சிறிய மரக்கறிப் பாத்தியில் போஞ்சிக் கொடிகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“வாங்க ஐயா. செருப்ப கழட்ட வேணாம், மண்ணுதான். அந்தக் கல்லுல ஒக்காருங்க.”

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயந்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கொடியைக் கம்பில் கட்டினார். நான் முடித்ததும் அந்தக் கொடியின் முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார்:

“தெரியும்.”

“எப்பருந்து?”

“நோட்டீஸ் ஒட்டுன வாரமே. ஆபீசுல அந்தப் பேப்பர்ல போட்டோ கொப்பி ஒண்ணு குடுத்தீங்கல்ல, அத ஸ்கூல் டீச்சரம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். வாசிச்சிட்டு என் மூஞ்சிய பாத்தாங்க. வாய தொறக்க முந்தியே எனக்கு வெளங்கிருச்சு.”

“ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா எங்க ஆம்பளைங்க ஆபீசுக்கு கல்லெடுத்துட்டு வந்திருப்பானுங்க. பொலிஸ் வந்திருக்கும். ஒங்கள மாத்தியிருப்பாங்க. வாரவன் எப்பிடியோ, யாரு கண்டா? இங்க இருக்கிற அத்தன குடும்பத்துக்கும் கடுதாசி வாசிக்க வேற யாரு இருந்தா அன்னைக்கு? டீச்சரம்மாவும் அந்த வருசமே மாறிப் போயிட்டாங்க.” அடுத்த கம்பை ஊன்றினார். “அதோட, பயந்துபோன மனுசன் இனி ஒழுங்கா வாசிப்பாருன்னு நெனச்சேன். வாசிச்சீங்கதானே?”

“வாசிச்சேன்.”

“அப்ப சரி. ஒங்களுக்காக நான் வாய மூடல ஐயா. அத தெரிஞ்சிக்கங்க. ஒங்க மேல எனக்கு இன்னும் கோவந்தான்.”

எனக்கு அப்போதுதான் கல்லில் உட்காரத் தோன்றியது. தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவரிடம் ஆதாரம் கையில் இருந்திருக்கிறது. அதை வெளியே எடுத்தால் தன்னைத் தவிர மற்றவர்களுக்கு என்ன நட்டம் என்று யோசித்து, ஒரே வாரத்தில் முடிவெடுத்து, பன்னிரண்டு ஆண்டு அதில் நின்றிருக்கிறார். பதவி போன பிறகும் அவர் தலைவியாகத்தான் இருந்திருக்கிறார். பதவியில் இருந்தவர்களுக்கும் எனக்கும்தான் அது தெரியவில்லை.

“இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா” என்றேன்.

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது, எனக்குத்தான் தெரியுமே. என் மகளுக்கு ஒங்க வாயால சொல்லுங்க. அவ என்கூட மொகங்குடுத்துப் பேசி எத்தன வருசம் ஆச்சு.”

தொலைபேசி எண்ணைப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அழைத்தேன். மகள் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

“இது எனக்கும் தெரியும் ஐயா. அம்மா அந்த வாரமே என்கிட்ட சொன்னாங்க.”

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“நான் கோவிச்சிக்கிட்டது நீங்க செஞ்சதுக்கு இல்ல. ஆபீஸ் ஆளு அப்பிடித்தான் செய்வாங்க, அதுல என்ன புதுசு. அம்மா வாய மூடிக்கிட்டதுக்குத்தான். ஊரே எங்கம்மாவ காறித் துப்புது, எம் புள்ளைக்கு மடுவம் இல்ல, இவங்க ஒங்கள காப்பாத்திக்கிட்டு நிக்கிறாங்க. ‘ஊருக்கு நல்லது’ன்னாங்க. நான் அந்த ஊருல இல்லையா ஐயா?”

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“பெரட்டுல வந்து சொல்லுவீங்களா?” என்று கேட்டாள். “நான் லீவு போட்டுட்டு வர்றேன்.”

இப்போதைய துரை இளைஞர், இந்த விவகாரம் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். பழைய உத்தியோகத்தன் நான்கு வார்த்தை பேச அனுமதி கேட்கிறான் என்று நினைத்து, ஐந்து நிமிடம் தந்தார். மழைத் தூறலில் எழுபது எண்பது பெண்கள் நின்றார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரியாதவர்கள். முன்வரிசையில் மகள், பக்கத்தில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. தலைவி வழக்கம்போலப் பின்னால் கூடையோடு. என்ன எழுதினேன், என்ன வாசித்தேன் என்பதை மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. காரணம் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதை விட்டு இரக்கம் கேட்பதாகிவிடும் என்று தோன்றியது.

யாரும் அழவில்லை, யாரும் கத்தவில்லை. ஒரு பெண் கேட்டாள்: “இத்தன வருசமா எப்பிடி ஐயா தூங்குனீங்க?”

“கோட்டர்ஸ்ல மெத்த இருக்குதுல்ல, நல்லாத்தான் தூங்கியிருப்பாரு” என்றாள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். சிலர் சிரித்தார்கள். அவள் சொன்னது சரி, நான் தூங்கத்தான் செய்தேன்.

வயதான ஒருத்தி வரிசையை விட்டுப் பின்னால் போய்த் தலைவிக்கு முன்னால் நின்றாள். “தேத்தண்ணி இனிச்சிச்சான்னு கேட்டது நாந்தான் தலைவி.”

“தெரியும்டி. ஒன் கொரல் எனக்குத் தெரியாதா? பிஸ்கட்டுன்னு சொன்னது ஒன் தங்கச்சி.”

மகள் அப்போதுதான் திரும்பித் தாயைப் பார்த்தாள். “இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னம்மா?”

“சொல்லியிருந்தா மடுவம் கெடச்சிருக்குமா?”

“கெடச்சிருக்காது. நான் கொழும்புக்குப் போயிருக்க மாட்டேன்.”

தலைவி கூடையை இறக்கிக் கீழே வைத்தார். கங்காணி விசில் ஊதினார், பெண்கள் மலைக்குப் பிரிந்தார்கள். அன்று மட்டும் தலைவி வேலைக்குப் போகவில்லை. மகளும் பேத்தியும் அவரோடு லயத்துக்கு நடந்தார்கள், மூவருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு.

நான் கம்பெனிக்கும் எழுதினேன். அந்த அறிக்கை பொய், எழுதியவன் நானே, பதிவைத் திருத்துங்கள் என்று கேட்டேன். ஒரு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, சம்பந்தப்பட்ட கட்டடம் இப்போது பயன்பாட்டில் இல்லாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று இருந்தது. மடுவக் கட்டடம் பயன்பாட்டில்தான் இருக்கிறது. உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

பெண்கள் தலைவியை மறுபடியும் பொறுப்பெடுக்கக் கேட்டார்கள். மறுத்துவிட்டார். பள்ளியில் ஏ.எல். உயர்தரம் வரை படித்த ஒரு பெண்ணை முன்னுக்கு நிறுத்தினார். எந்தத் தாளிலும் கையொப்பம் வைக்குமுன் அதை இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும், இருவரும் ஒன்றையே சொன்னால்தான் பேனாவைத் தொடலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். என்னிடம் ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். வரும் ஒருவர் இருவரும் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வேறு யாருக்கோ அனுப்பிப் பதில் வந்த பிறகுதான் எழுந்து போகிறார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக் காத்திருக்கிறேன்.

கொழும்புக்குத் திரும்புமுன் மகள் என்னிடம் வந்து, பெரட்டில் சொன்னதைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொன்னாள். தந்தேன். அதைக் கொண்டுபோய்ப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டினாள். அடுத்த போயா என்ற பௌர்ணமி விடுமுறைக்கு வந்தபோது தாள் அங்கே இல்லை. மறுபடி எழுதித் தந்தேன். அதையும் யாரோ கிழித்துவிட்டார்கள். அலுவலகத்து ஆட்களின் வேலையாக இருக்கும், துரையிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

“ஆபீஸ் ஆளுங்க இல்ல ஐயா. எங்கம்மாதான்.”

“ஏன்?”

“புதுத் தலைவி சின்னப் பொண்ணாம். அவ துரைகிட்ட பேசப் போறப்ப பின்னால இந்தக் கத சுவத்துல தொங்குனா ஆபீசுல யாரும் அவகூட மனசு விட்டுப் பேச மாட்டாங்களாம். நான் சொல்றேன், அத வாசிச்சிட்டுத்தான் அவ உள்ளயே போகணும்னு. நேத்துப் பூரா இதே சண்டதான். எம் மக கூட, ‘ரெண்டு பேரும் சோத்த திண்டுட்டுச் சண்ட போடுங்க’ன்னுட்டா.”

இப்போது அவள் ஒவ்வொரு போயாவுக்கும் பிள்ளையோடு வருகிறாள். வரும்போது என் வீட்டுக்கு வந்து ஒரு தாள் வாங்கிக்கொண்டு போகிறாள். தாய் அதைக் கிழிக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. கேட்கும்போதெல்லாம் எழுதித் தருவதுதான் என்னால் முடிந்தது. சென்ற வாரம் ஆறாவது தாளை எழுதினேன். அவள் அதை வாங்கி, வாசலிலேயே நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி வரை தானே வாசித்துப் பார்த்துவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பஸ்ஸுக்குப் போனாள்.